பழைய சைக்கிளுக்குப் புது பெயின்ட் அடிக்கலாமா?

பழைய சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் உப்புத்தாளைத் தேடுகிறவரா நீங்கள்? அதை இப்போதைக்கு எங்காவது ஒளித்து வையுங்கள். புது பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். சுரண்டிய பூச்சைத் திரும்ப ஒட்ட முடியாது.

படி 1: படம் எடுங்கள்
கம்பெனி முத்திரை, தங்கநிறக் கோடுகள், பிரேம் எண் என ஒன்றையும் விடாதீர்கள். கோடுகளுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தால் பின்னால் உதவும்.

படி 2: அசல் பூச்சுதானா?
சீட் கிளாம்ப், விளக்குத் தாங்கி போன்ற வளையங்களைக் கழற்றுங்கள். அவற்றின் அடியில் வேறு நிறம் தெரிந்தால், யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள். முத்திரைத் தகட்டின் ஓரத்தில் பெயின்ட் வழிந்திருப்பதும் அதே கதைதான். பின்சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் (கியர்கள் உள்ளே அடங்கிய சக்கரக் குடம்) இருந்தால், அதன் கூட்டில் தயாரித்த ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் எண்கள் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். 58 என்றால் 1958. சக்கரம் மாற்றப்படாதவரை வண்டியின் வயதுக்கு அது நல்ல துப்பு.

படி 3: கழுவுங்கள்
பாதி பேர் 'பெயின்ட் போய்விட்டது' என்று நினைப்பது உண்மையில் எண்ணெய்ப் பிசுக்கு. மென்மையான சோப்பு நீர், பருத்தித் துணி, பொறுமை, இவை போதும். செயின் பக்கத்துப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் பயன்படுத்தலாம், ஆனால் எழுத்துகளும் கோடுகளும் உள்ள இடத்தில் வேண்டாம். அவசரத்தில் தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தேன். நிறுவனத்தின் பெயர் முழுவதும் துணியோடு வந்துவிட்டது. எதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள்.

குரோம் மேல் லேசான துருவா? கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். பெயின்ட்டுக்கு இடையில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் நீர்த்த ஆக்ஸாலிக் அமிலம் உதவும். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினிய பாகங்களை அதில் போடக்கூடாது. சில நிறங்களை அது வெளுக்கவும் செய்யும். வேலை முடிந்ததும் சோடா உப்பு கலந்த நீரில் அலசி, உடனே ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

படி 4: முடிவெடுங்கள்
கீழ்க்குழாயும் மேல்குழாயும் தலைக்குழாயை (ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்பக்கக் குழாய்) சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விரலால் தடவுங்கள். அங்கே புடைப்போ, குறுக்காகப் பெயின்ட் வெடிப்போ இருந்தால் வண்டி முன்பக்கமாக மோதியிருக்கக்கூடும். அந்தச் சாட்சியைப் புதுப் பூச்சு மூடிவிடும், அதனால்தான் பளபளக்கும் பழைய சைக்கிளை வாங்கத் தயங்குகிறேன்.

குழாய் அரித்திருந்தாலோ, இணைப்பை மறுபடி பற்றவைக்க வேண்டியிருந்தாலோ தயங்காமல் பெயின்ட் அடியுங்கள். சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எப்படியும் கருகிவிடும். வெறும் கீறலும் மங்கலும்தானா? விட்டுவிடுங்கள். இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் சிறு தூரிகையால் தொட்டு, வண்டி முழுவதும் மெழுகு பூசி மெருகேற்றினால் போதும்.

படி 5: அடித்தே ஆக வேண்டுமென்றால்
பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்தே தேயுங்கள், முகமூடி அணியுங்கள். பவுடர் கோட்டிங் (நிறப்பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் முறை) உறுதியானது, ஆனால் தடிப்பு அதிகம் என்பதால் குழாய் இணைப்புகளின் கூர்மையான விளிம்புகள் மழுங்கித் தெரியும். எனக்கு ஸ்பிரே எனாமல்தான் பிடிக்கும். மரையுள்ள இடங்களை மறைத்துவிட்டு, பிரைமருக்கு மேல் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். பெடல் அச்சுக் குழாயின் அடிப்பகுதியில் ஓரங்குலம் பழைய நிறத்தை, அசலுக்குச் சாட்சியாக, அப்படியே விடுவது என் வழக்கம்.

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் எனாமல் உள்ளே இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் கிளாம்ப்பை முறுக்கினால், வளையத்தின் தடம் அப்படியே பதிந்துவிடும்.