பழைய கல்லூரிக் கால்பந்துச் சுருளின் ஆண்டைக் கண்டறிவது எப்படி?

அமெரிக்காவில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்தான். பல்கலைக்கழக அணிகள் மோதிய அத்தகைய பந்தயங்களின் விறுவிறுப்பான கட்டங்களை மட்டும் தொகுத்து, வீட்டில் திரை கட்டிப் பார்ப்பவர்களுக்காக 8 மி.மீ., 16 மி.மீ. படச்சுருள்களாக விற்றார்கள். காசில் ஃபிலிம்ஸ் நிறுவனம் 1937இல் இந்த வீட்டுச் சுருள் வணிகத்தில் இறங்கியது. அப்படியொரு சுருள் கைக்கு வந்தால், டப்பாவில் ஒட்டியுள்ள சீட்டை நம்ப வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் டப்பாக்கள் மாறியிருக்கலாம்.

முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால், சுருள் செய்யப்பட்ட அசிடேட் என்ற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து வையுங்கள். புரொஜெக்டரில் மாட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் சுருங்கிய சுருளின் துளைகள் இயந்திரப் பற்களோடு பொருந்தாமல் கிழிந்துவிடும். விளிம்பை மட்டும் பிடித்து, வெளிச்சத்தின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தாலே போதும்.

கோடாக் சுருளாக இருந்தால் விளிம்பில் சிறு வடிவங்கள் தெரியும். 20 ஆண்டுக்கு ஒருமுறை அவை திரும்ப வருவதால், ஒற்றைச் சதுரம் 1937ஐயும் குறிக்கலாம், 1957ஐயும் குறிக்கலாம். அதுவும் சுருள் தயாரான ஆண்டுதானே தவிர, ஆட்டம் நடந்த ஆண்டு அல்ல. பழைய ஆட்டத்தைப் பின்னாளில் மறுபிரதி எடுத்திருக்கக்கூடும்.

ஆகவே உண்மையான சாட்சி படத்துக்குள்தான் இருக்கிறது. கல்லூரி ஆட்டங்களில் கோல் கம்பங்கள் 1927இல் கோல் கோட்டிலிருந்து 10 கெஜம் பின்னுக்குப் போயின; எனவே கோட்டின் மேலேயே கம்பம் நின்றால் படம் அதற்கு முந்தையது, அல்லது கல்லூரி ஆட்டமே அல்ல, ஏனெனில் தொழில்முறை லீக் 1933இல் கம்பங்களை மறுபடி கோட்டுக்கே கொண்டுவந்தது. கல்லூரி ஆட்டங்களில் 1939இல் ஹெல்மெட் கட்டாயமானது; அது இல்லாத தலை தெரிந்தால் படம் அதற்கு முந்தையது எனலாம். ஆட்டத்தின் நடுவே கழன்று விழுந்ததா என்பதை மட்டும் அடுத்தடுத்த பிரேம்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 1 அன்று நடக்கும் பந்தயங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்த ஆட்டம் முந்தைய ஆண்டின் பருவத்தைச் சேர்ந்தது. வழக்கமாகப் பாசடேனாவில் நடக்கும் ரோஸ் பவுல் பந்தயத்தையே பாருங்கள்: 1942இல் நடந்தது 1941 பருவத்துக்குரியது. அந்த முறை இடமும் மாறியது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் அது கலிபோர்னியாவின் பாசடேனாவை விட்டு வட கரோலைனாவின் டர்ஹாமுக்கு மாற்றப்பட்டது. ஆரிகன் ஸ்டேட் அணி டியூக் அணியை 20-16 என்று வென்றது. அந்த ஆண்டின் சீட்டு ஒட்டிய சுருளில் அரங்கின் பின்னால் பாசடேனா மலைகள் தெரிந்தால், சீட்டுத்தான் தவறு.

சுருளை டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது, மாற்றித் தருபவரிடம் ஓட்டும் வேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய மௌனச் சுருள்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 பிரேம், ஒலியுள்ளவை 24. 100 அடி நீள 16 மி.மீ. சுருளில் 4,000 பிரேம்கள் உண்டு; 16இல் ஓட்டினால் 4 நிமிடம் 10 நொடி வரும். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால், மௌனச் சுருளை 24இல் ஓட்டியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள்.