ஊர் வேம்பில் எவ்வளவு கரி (கார்பன்) இருக்கிறது? டேப்பை எடுங்கள்

எங்கள் தெருமுனை வேம்பைச் சாலை அகலப்படுத்த வெட்டியபோது, “ஒன்றுக்குப் பத்துக் கன்று வைப்போம்” என்றார்கள். பத்துக் கன்று ஈடாகுமா என்று கேட்க அன்று என் கையில் ஒரு எண்கூட இல்லை. இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஊர் மரங்களை அளக்கிறேன். நீங்களும் அளக்கலாம். தையல்காரர் டேப், ஒரு குச்சி, போன் கால்குலேட்டர் போதும்.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்கள். டேப் சாயக் கூடாது. பட்டை உரிந்து தொங்கினால் தட்டிவிட்டு அளங்கள். வந்ததை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். 126 செ.மீ. சுற்றளவுக்குச் சுமார் 40 செ.மீ. விட்டம்.

உயரத்துக்குக் குச்சி. குச்சியைப் பிடித்து நீட்டிய கையின் முட்டியிலிருந்து (மடக்கிய விரல்கள்) கண் வரை உள்ள தூரமும், முட்டிக்கு மேலே தெரியும் குச்சியின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை நெட்டுக்குத்தாகப் பிடித்தபடி பின்னால் நடங்கள். மரத்தின் அடி முட்டியோடும், நுனி குச்சி முனையோடும் ஒத்துப்போகும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் ஏறக்குறைய அதன் உயரம். சமதரையில் மட்டுமே இது சரியாக வரும்.

அப்புறம் கணக்கு. மர அடர்த்தி (வேம்புக்குச் சுமார் 0.65) × விட்டம் × விட்டம் × உயரம் (விட்டம் செ.மீ.-இல், உயரம் மீட்டரில்), அதை 0.976 அடுக்குக்கு உயர்த்தி 0.0673-ஆல் பெருக்குங்கள். 40 செ.மீ. விட்டமும் 10 மீட்டர் உயரமும் உள்ள வேம்புக்கு 560 கிலோ உலர் எடை வரும். வேருக்குக் கால் பங்கு சேர்த்தால் 700. அதில் 47 சதவீதம் கரி. அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயு: 1,200 கிலோ!

இதே கணக்கில் 5 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் உயரமும் உள்ள இளமரத்தில் வெறும் 6 கிலோ சொச்சம் கரியமில வாயு. மேலே சொன்ன அளவு வேம்பை வெட்டினால் ஈடாக அப்படிப்பட்ட 190 மரங்கள் வேண்டும். நட்டதோ பத்துக் கன்று, அதுவும் முழங்கால் உயரம்.

இதை நாட்டுக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். காடு, மரப்பரப்பு வழியாக 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்ப்போம் என்று 2015-இல் இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்தது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் அதைக் கணக்கிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் விதானம் (மேலிருந்து பார்த்தால் தரையை மூடும் மரத்தலைப்பு) தெரிந்தால், தென்னந்தோப்பாக இருந்தாலும் அதன் கணக்கில் காடுதான். சோலையும் தோப்பும் செயற்கைக்கோள் படத்தில் ஒரே பச்சை. மண்ணுக்குள் சேரும் கரியோ இரண்டிலும் ஒன்றல்ல.

அதனால் நோட்டில் மரத்தின் பெயர், தேதி, சுற்றளவு, உயரம் நான்கையும் எழுதுங்கள். அளந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே கோட்டில் டேப் வையுங்கள். நோட்டின் நகலைக் கிராம சபைக் கூட்டத்தில் கொடுத்து, தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள்.