வாய்ப்பு விகிதம்: நோய் ஆய்வின் முதல் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம்

ஒரு பழக்கத்துக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு எண்ணால் விடை காண விரும்புபவர் முதலில் பழக வேண்டிய கணக்கு வாய்ப்பு விகிதம். ஆய்வுக் கட்டுரைகளில் ஆட்ஸ் ரேஷியோ என்று வருவது இதுதான். இதற்கு மென்பொருள் தேவையில்லை. மடக்கை போடத் தெரிந்த கால்குலேட்டர் போதும். கற்பனை எண்களில் பழகுவதைவிட, பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி 1950-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட எண்களையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: தரவு எந்தத் திசையில் திரட்டப்பட்டது?

லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளையும், அவர்களோடு பாலினத்திலும் வயதிலும் ஒத்த பிற நோயாளிகளையும் சம எண்ணிக்கையில் எடுத்து, இரு சாராரிடமும் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். அதாவது நோயில் தொடங்கிப் பின்னோக்கிப் பழக்கத்தைத் தேடினார்கள். யாரைப் புகைப்பவர் என்று கொள்வது என்பதையும் வரையறுத்திருந்தார்கள்: நாளுக்கு ஒரு சிகரெட்டாவது ஓராண்டு காலம் புகைத்திருந்தால் அவர் புகைப்பவர். உங்கள் ஆய்விலும் கேள்வித்தாளை அச்சிடுமுன் இத்தகைய வரையறையை எழுதிவிடுங்கள். தரவைப் பார்த்தபின் எழுதும் வரையறை, விரும்பிய விடையை நோக்கி நம்மை அறியாமலே சாய்ந்துவிடும்.

படி 2: அட்டவணை

ஆண்களின் எண்கள் இவை.

புற்றுநோயாளிகள் 649 பேர்: புகைத்தவர் 647, புகைக்காதவர் 2
பிற நோயாளிகள் 649 பேர்: புகைத்தவர் 622, புகைக்காதவர் 27

படி 3: போடக்கூடாத கணக்கு

புகைத்தவர் மொத்தம் 1,269 பேர். அவர்களில் 647 பேருக்குப் புற்றுநோய். ஆகவே புகைத்தால் 51 விழுக்காடு ஆபத்து என்று எழுதத் தோன்றும். புதிதாகக் கற்பவர்கள் மிகுதியாக வழுக்கி விழும் இடம் இது. பிற நோயாளிகளை எத்தனை பேர் எடுப்பது என்பது ஆய்வாளரின் விருப்பம். அவர்களை இரு மடங்காக எடுத்து, அதே விகிதத்தில் 1,244 பேர் புகைத்தவர், 54 பேர் புகைக்காதவர் என வந்திருந்தால், 51 என்பது 34 விழுக்காடாக இறங்கியிருக்கும். நோயின் இயல்பு மாறாமலே விடை மாறுகிறது என்றால், அந்த விடை நோயைப் பற்றியதன்று.

படி 4: போட வேண்டிய கணக்கு

புற்றுநோயாளிகளில், புகைக்காத ஒருவருக்கு எத்தனை பேர் புகைத்தவர்? 647-ஐ 2-ஆல் வகுத்தால் 323.5. பிற நோயாளிகளில் 622-ஐ 27-ஆல் வகுத்தால் 23.04. முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைப்பது 14.04, இதுவே வாய்ப்பு விகிதம். பிற நோயாளிகளை இரு மடங்காக்கிப் பாருங்கள்: அப்போதும் 14.04 அசையாது. மக்களிடையே நோய் அரிதாக இருக்கும்போது இந்த எண், புகைப்பவருக்குப் புகைக்காதவரைப்போல் எத்தனை மடங்கு ஆபத்து என்பதற்கு மிக நெருங்கி வரும் என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டு 1951-இல் காட்டினார்.

படி 5: நம்பிக்கை இடைவெளி

14 என்ற எண்ணை மட்டும் எழுதி நிறுத்துவது அரைகுறை வேலை. உண்மை விகிதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும்; அந்த எல்லைகளே நம்பிக்கை இடைவெளி. வாய்ப்பு விகிதத்தின் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 2.642. இந்த மடக்கை தற்செயலால் எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்பதன் அளவான திட்டப் பிழையைக் காண, அட்டவணையின் நான்கு கட்டங்களின் தலைகீழ் எண்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

1/647 + 1/2 + 1/622 + 1/27 = 0.5402
வர்க்கமூலம் = 0.735

இதை, 95 விழுக்காட்டுக்கு உரிய எண்ணான 1.96-ஆல் பெருக்கினால் 1.441. அதை 2.642-இலிருந்து கழித்தும் கூட்டியும் பெறும் இரு எண்களை மடக்கையிலிருந்து மீட்டால் (கால்குலேட்டரில் eˣ), 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 3.3 முதல் 59.3 வரை என்று வரும். விகிதம் 1 என்றால் தொடர்பு இல்லை என்று பொருள்; இடைவெளி 1-ஐத் தொடவில்லை என்பதால், தொடர்பே இல்லை என்ற கருத்து இந்தத் தரவோடு பொருந்தவில்லை.

ஆனால் ஏன் இவ்வளவு அகலம்? 0.5402-இல் 0.5 அந்த இரண்டு பேரிடமிருந்து மட்டுமே வந்தது. அவர்கள் மூவராக இருந்து, புகைத்தவர் 646 ஆகியிருந்தால், 14 என்பது 9.3 ஆகியிருக்கும். 1,298 பேரைக் கொண்ட ஆய்வின் துல்லியம் இரண்டு பேரின் பதிலில் தொங்குகிறது! எந்தக் கட்டுரையைப் படித்தாலும் மொத்த எண்ணிக்கையைப் பார்க்குமுன் மிகச் சிறிய கட்டத்தைத் தேடுவது என் வழக்கம்.

படி 6: கணக்குக்கு வெளியே உள்ளவை

நோயுற்றவர் தம் பழக்கத்தை மற்றவரைவிடக் கூர்ந்து நினைவுகூர்ந்தால் விகிதம் பொய்யாக வீங்கும். இதை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது. அதனால்தான் இதே இருவர் 1951-இல் பிரிட்டன் மருத்துவர்களிடம் புகைப்பழக்கத்தை முன்கூட்டியே கேட்டு வைத்து, பின்னர் யாருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். மேலும், இணை இணையாகப் பொருத்தப்பட்ட தரவுக்கு இணைகளைக் கொண்டே போடும் கணக்குதான் முறைப்படி சரி. அதை அடுத்த கட்டமாகக் கற்கலாம்.

படி 7: நீங்களே போட்டுப் பாருங்கள்

அதே ஆய்வில் பெண்கள்: புற்றுநோயாளிகள் 60 பேரில் புகைத்தவர் 41, புகைக்காதவர் 19; பிற நோயாளிகள் 60 பேரில் புகைத்தவர் 28, புகைக்காதவர் 32. விகிதம் 2.47 என்றும், இடைவெளி 1.2 முதல் 5.2 வரை என்றும் வந்தால் உங்கள் கணக்கு சரி. ஆண்களின் இடைவெளியில் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு. இங்கே நான்கரை மடங்குகூட இல்லை. வெறும் 120 பேரிடம் இது எப்படி வந்தது என்பதை நான்கு கட்டங்களின் தலைகீழ் எண்களை எழுதிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.