எண்டோஸ்கோப்பின் உள்வழியில் தங்கிய ஈரம்: என் அனுபவம்

கிருமிநீக்கம் செய்து அலமாரியில் தொங்கவிட்ட எங்கள் எண்டோஸ்கோப் (உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் குழாய்க் கருவி) ஒன்றிலிருந்து எடுத்த பரிசோதனை மாதிரியில் சூடோமோனாஸ் பாக்டீரியா திரும்பத் திரும்ப வளர்ந்தது. கிருமிநாசினியை மாற்றினோம், ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டினோம், புதிய தூரிகைகளும் வாங்கினோம். 10 நாட்கள் வீணாயின. கழுவிய உடனே எடுத்த மாதிரியில் எதுவும் வளரவில்லை, மறுநாள் காலை எடுத்ததில் மட்டுமே வளர்ந்தது என்பதைப் பதிவேட்டில் கவனித்த பிறகுதான், குறை உலர்த்துவதில் இருக்கிறது என்று புரிந்தது. வெளியே நன்றாக உலர்ந்திருந்த அக்கருவியின் உள்வழியில் காற்றைச் செலுத்தி, முனையை நீலத் தாளின் மேல் பிடித்தபோது, குண்டூசித் தலையளவு நீர்த்துளிகள் தெறித்தன. எஞ்சிய சில கிருமிகள் அந்த ஈரத்தில்தான் பெருகி, சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. இப்போது ஆல்கஹாலைச் செலுத்தியபின், வடிகட்டிய காற்றை ஒவ்வொரு உள்வழியிலும் குறைந்தது 10 நிமிடங்கள் ஊதி, வால்வுகளைக் கழற்றியே தொங்கவிடுகிறோம். அதன்பின் எடுத்த மாதிரிகள் எல்லாம் சுத்தமாக வந்தது பெரிய நிம்மதி.