மசாலைத்தூள் லேபிள்: சின்னத்தைக் கறுப்பு வெள்ளையில் பதிவதா, வண்ணத்திலா?

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த பட்டணத்தில் மாவு மில் வைத்து மசாலைத்தூளும் விற்கிறீர்கள். லேபிள் அச்சாகிவிட்டது, அதிலுள்ள சின்னத்தை வணிக முத்திரையாகப் பதிய வேண்டும். அச்சகத்தில் கொடுத்த வண்ணப் படத்தையே ஏற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி, நிற வரையறை இல்லாமல், அதாவது கறுப்பு வெள்ளையில், பதிந்த சின்னம் எல்லா நிறத்துக்கும் பதிந்ததாகவே கருதப்படும். விண்ணப்பத்தில் 'சிவப்பு, மஞ்சள்' என்று கோரினால் பாதுகாப்பும் அந்த நிறங்களோடு கட்டுப்படும். இன்று இறைச்சி மசாலைக்குச் சிவப்புப் பொட்டலம். அடுத்த வருடம் மீன் மசாலைக்குப் பச்சை வரும். அப்போது பதிவில் உள்ளது ஒன்று, கடையில் தொங்குவது வேறொன்று. பதிந்த சின்னத்தைத் தொடர்ந்து 3 ஆண்டு பயன்படுத்தாவிட்டால் பதிவை நீக்கச் சொல்லி மற்றவர் கேட்கலாம். தனித்தன்மை கெடாத சிறு மாற்றத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும்தான். ஆனால் நிறம் மாறியது சிறு மாற்றமா என்ற வாதத்தை நீங்களே ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

நிறமே அடையாளமாக இருந்தால் கணக்கு வேறு. உருவம் வெறும் வட்டம் அல்லது இரண்டு பட்டை. வாடிக்கையாளர் பெயரைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்தே எடுக்கிறார் என்றால் வண்ணத்தில் பதியுங்கள். சிவப்பும் மஞ்சளும் அந்தக் கணக்கில் வராது, மசாலை அலமாரியில் பாதி அதுதான்.

கறுப்பு வெள்ளை என்று முடிவு செய்தபின் பலர் சறுக்குவது படத்தில். வண்ணக் கோப்பைக் கணினியில் சாம்பல் நிறமாக மாற்றினால் போதாது. பச்சை இலைமேல் சிவப்பு மிளகாய் வரைந்திருந்தால், ஏறக்குறைய ஒரே சாம்பலாகி மிளகாய் இலையோடு கரைந்துவிடும். இலையை வெறும் கோடாகவும் மிளகாயை முழுக் கறுப்பாகவும் புதிதாக வரையச் சொல்லுங்கள். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் மிளகாய் மிளகாயாகத் தெரிய வேண்டும். விண்ணப்பித்தபின் சின்னத்தின் தோற்றத்தை மாற்ற முடியாது. தவறினால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம்.

விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 950 வெள்ளி (ரிங்கிட்). அது முத்திரைகளைப் பதியும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் தயார்ப் பட்டியலிலிருந்து பொருளைத் தேர்ந்தால்தான். நீங்களே எழுதினால் 1,100. மசாலைத்தூள் 30ஆம் வகுப்பு, காய்கறி ஊறுகாய் 29. இரண்டையும் விற்றால் செலவு இரட்டிப்பு, ஆகவே வண்ணத்துக்கென்று தனி விண்ணப்பம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லேபிளில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பும் மலாய் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பெயர் பதிந்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது தொழிலுக்கான பதிவு, சின்னத்துக்கு அல்ல.

வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் எண்ணமிருந்தால் இன்னொன்று. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதியக் கேட்கும் மாட்ரிட் முறையில், விண்ணப்பத்தில் உள்ள சின்னம் இங்கே பதிந்ததோடு ஒத்திருக்க வேண்டும். அதன் அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்துக்கு 903. நாடுகளுக்கான கட்டணம் தனி. ஐரோப்பாவில் கறுப்பு வெள்ளைப் பதிவு எல்லா நிறத்தையும் தழுவும் என்று நம்பாதீர்கள். அங்கே எந்த நிறத்தில் விற்பீர்களோ அந்த நிறத்தையே பதிவது நல்லது.