அரிசிம்பருப்பு மிச்சமாச்சுன்னா என்ன பண்றதுங்க?

போன ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆக்குன அரிசிம்பருப்பு சோறு குண்டாவுலயே கெடந்துச்சு, ராத்திரி நல்லா சூடு பண்ணித்தான் தின்னோம், ரெண்டு மணி நேரத்துல வீடே வாந்திங்க. சூடு பண்ணா சரியாப்போயிரும்னு நெனச்சதுதான் தப்பு. அரிசில பேசில்லஸ் சீரியஸ்னு (பேரே சீரியஸ் பாருங்க) ஒரு பாக்டீரியா இருக்கு, அதோட வித்து கொதிக்கற சூட்டுலயும் தப்பிச்சுக்கும், சோறு வெதுவெதுன்னு கெடக்கறப்ப முளைச்சுப் பெருகி ஒரு நஞ்சை விட்டுரும், அந்த நஞ்சு மறுக்கா கொதிக்க வெச்சாலும் போகாது. மோந்து பாத்தாலும் தெரியாதுங்க.

அதனால ஆக்கி 2 மணி நேரத்துக்குள்ள, சித்திரை வெயில்ல 1 மணி நேரத்துலயே, அகலமான தட்டத்துல பரப்பி ஆறவெச்சு சின்னச் சின்ன டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுருங்க, 5 டிகிரிக்குக் கீழ இருக்கோணும். குண்டாவோட உள்ள தள்ளுனா நடுவால சூடு லேசுல ஆறாது.

கோழில வர்றது வேற, சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியாங்க. பள்ளிபாளையம் சிக்கன் பண்றப்ப கறிய குழாய்ல புடிச்சு அலசுனா தண்ணி தெறிச்சு பக்கத்துல இருக்கற கொத்தமல்லித்தழை வரைக்கும் போகும். கறி அரிஞ்ச பலகைலயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் அரியாதீங்க. கறி நடுவால 74 டிகிரி சூடு ஏறோணும்.

வாந்தி பேதின்னா ஓஆர்எஸ் (உப்பு சக்கரைப் பொடி), பாக்கெட்ல போட்டிருக்கற அளவு தண்ணில கலக்கிக் கொஞ்சங் கொஞ்சமா குடிங்க. ரத்தமா போனாலோ, கொழந்தைக ஒண்ணுக்குப் போகாம சொணங்கிக் கெடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.