பதற்றத்தில் இருப்பவரின் பிரஷரைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் அண்மையில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பிரஷர் பார்த்த இளைஞர்கள் கருவியைக் கையாண்ட விதத்தில் குறையில்லை. ஆனால் மூச்சிரைக்கப் படியேறி வந்தவர்களின் கையில் வந்த நொடியே பட்டையைச் சுற்றினார்கள். மருத்துவ உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன். பட்டையின் அளவு, பேட்டரி போன்றவற்றைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வந்தவுடன் அளப்பது

செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் நான் வேலை செய்த கிளினிக்கிற்கு வருவார். எடையில் குலை குறைந்ததென்று மண்டோருடன் (தோட்ட மேற்பார்வையாளருடன்) வாக்குவாதம் செய்துவிட்டு, அரைநாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலையுடன் மோட்டாரை விரட்டிக்கொண்டு வந்தவருக்கு முதல் நாள் 178/104 இருந்தது. அடுத்த இரண்டு முறையும் அதே அவசரம். எண்ணும் ஏறக்குறைய அதேதான். நான் அட்டையில் எழுதியதை நம்பி மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில், குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு நிமிர்ந்தவர் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இரண்டு மாதம் வருமானமில்லை. அதற்குப் பிறகுதான் தோட்டத்து டிரஸர் (மருந்தக உதவியாளர்) அவர் வீட்டுத் திண்ணையில் சாவகாசமாக அளந்து பார்த்தார்: மாத்திரையை நிறுத்திய பின்னும் 124/78. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த அட்டையில் இருந்த என் கையெழுத்தை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அவர் உடல் தவறேதும் செய்யவில்லை. ஆபத்து என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு நரம்பு வழியாகச் செய்தி போகிறது. சில நொடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலந்து, இதயம் வேகமெடுத்து, தோலிலும் குடலிலும் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்தம் தசைகளை நோக்கித் திருப்பப்படுகிறது. விரல் சில்லிடுவதும் வாய் உலர்வதும் அப்போது கூடவே வருபவை. சண்டையிடவோ தப்பியோடவோ உடல் செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். மண்டோருடன் போட்ட சண்டைக்கும் உடல் இப்படித்தான் ஆயத்தமாகிறது. நான் அளந்து எழுதியது அந்த ஆயத்தத்தை, நோயை அன்று.

ஆகவே, முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையும் அளவை உயர்த்தும். பிறகு முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய, கை இதயத்தின் உயரத்தில் இருக்குமாறு ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். அரைமணி நேரத்திற்குள் கோப்பியோ சிகரெட்டோ குடித்திருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரியை எழுதுங்கள். கிளினிக்கில் 140/90ஐத் தாண்டுபவருக்கு வீட்டில் தொடர்ந்து 135/85க்குக் கீழேயே இருந்தால், மருத்துவரின் வெள்ளைச் சட்டையைக் கண்டு ஏறும் பிரஷரா என்று பார்க்க வேண்டும்.

அளக்கும்போது பேச்சுக் கொடுப்பது

"மகளுக்குக் கல்யாணம் எப்போது, ஐயா?" என்ற அன்பான விசாரிப்பும் எண்ணை ஏற்றிவிடும்.

ஒரு துளி இரத்தத்தில் இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தீர்ப்புச் சொல்வது

அட்ரினலினும், அதைவிட மெதுவாக உயர்ந்து அரைமணி நேரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும் கார்ட்டிசோலும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடுகின்றன. காய்ச்சலிலோ விபத்துக்குப் பிறகோ விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை அளவு சற்று உயர்ந்திருந்தால், குணமான பின் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள். சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இருக்கிறது.

"எல்லாம் டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுவது

நெஞ்சு இறுகி, வேர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ பரவுகிறது என்பவருக்கு மேலே சொன்ன ஐந்து நிமிடம் பொருந்தாது. உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.